கிணற்று நீரும் ஜப்பான் சோதனையும்

2025-ஆம் வருஷம் ஜூலை மாதத்தில் இந்திய சர்க்கார், விஷப் பொருள்களால் மாசடைந்த இடங்களைக் கண்டுபிடித்துச் சுத்தி செய்வதற்கென்று தனி விதிகளை வெளியிட்டது. ஒரு நாள் செய்தியாக வந்து மறைந்துபோன அவ்விதிகளை விருதுநகர் ஜில்லாவாசிகள், முக்கியமாக இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர், சிவகாசி வட்டாரங்களில் பொது வேலை செய்யும் நண்பர்கள், எடுத்து ஊன்றிப் படிக்க வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறோம். அவை போபாலுக்கும் இராணிப்பேட்டைக்கும் ஏற்பட்டவை, நமக்கென்ன என்று ஒதுக்கிவிடுவது எளிது. வைப்பாற்றுப் படுகையில் வசிக்கும் ஜனங்களுக்கும் அவை ஏற்பட்டவையே என்பதை எடுத்துக் காட்ட விரும்புகிறோம்.

விதிகளின் சாரம் இதுதான். ஒவ்வொரு ஜில்லா நிர்வாகமும் ஆறு மாதத்துக்கு ஒரு முறை, மாசடைந்திருக்கலாமென்று சந்தேகிக்கப்படும் இடங்களின் ஜாபிதாவைத் தயாரித்துக் கொடுக்க வேண்டும். மாசுக் கட்டுப்பாட்டு வாரியமோ, அல்லது இதற்கென அங்கீகரிக்கப்படும் ஒரு நிபுணர் ஸ்தாபனமோ 90 நாட்களுக்குள் பூர்வாங்க சோதனை செய்ய வேண்டும். அதன்பின் மூன்று மாதங்களில் விரிவான சோதனை. மாசு நிச்சயமானால், அதை உண்டாக்கியவர் யாரென்று கண்டு அவரிடமே செலவை வசூலிக்க வேண்டும். அவர் அகப்படாவிட்டாலும், செலவுக்குச் சக்தியற்றவராயிருந்தாலும், மத்திய சர்க்காரும் ராஜ்ய சர்க்காரும் செலவை ஏற்க வேண்டும். விதிகள் வெளியான சமயத்தில் தேசமெங்கும் 103 இடங்கள் கண்டறியப்பட்டிருந்தன. அவற்றில் சுத்தி வேலை தொடங்கியிருந்தது 7 இடங்களில் மாத்திரம்.

காகிதத்தில் இவ்வளவும் சரியே. ஆனால் கலெக்டர் அந்த ஜாபிதாவை எதைக் கொண்டு தயாரிப்பார் என்பதே நமது கேள்வி. நுரை பொங்கும் ஓடையும், எண்ணெய் மிதக்கும் குட்டையும் கண்ணுக்குத் தெரியும். கிராம நிர்வாக அதிகாரி அவற்றைப் பார்த்து எழுதி அனுப்பிவிடலாம். நிறமும் மணமும் ருசியும் இல்லாத விஷத்தை யார் பார்த்து, யார் எழுதி அனுப்புவது?

இது வெறும் தர்க்கத்துக்காகக் கேட்கும் கேள்வியன்று. 2013-ஆம் வருஷம் ஓர் ஆராய்ச்சி வெளியாயிற்று. ஜப்பான் தேசத்து எஹிமே சர்வகலாசாலையைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர் குழு ஒன்று சிவகாசி, மதுரை பிரதேசங்களின் நீரில் பெர்க்ளோரேட் என்னும் உப்பு எவ்வளவு கலந்திருக்கிறதென்று சோதித்தது. நிலத்தடி நீரில் 60 மாதிரிகள் எடுக்கப்பட்டன. சிவகாசிப் பக்கத்து 57 மாதிரிகளில் 17, அமெரிக்க சர்க்காரின் சூழல் பாதுகாப்பு இலாகா குடிநீருக்குக் காட்டிய வழிகாட்டி அளவை, அதாவது லிட்டருக்கு 15 மைக்ரோகிராமை, மீறியிருந்தன. மதுரைப் பக்கத்து மாதிரிகளில் ஒன்றுகூட மீறவில்லை. மிக அதிகமாகக் காணப்பட்ட அளவு லிட்டருக்கு 7,690 மைக்ரோகிராம். அமெரிக்க அளவுக்கு இது ஐந்நூறு மடங்குக்கு மேல். உலக சுகாதார ஸ்தாபனம் பிற்பாடு வகுத்த 70 மைக்ரோகிராம் என்ற தாராளமான வரம்பை வைத்துப் பார்த்தாலும் நூறு மடங்கைத் தாண்டுகிறது. பட்டாசுத் தொழிற்சாலைகளின் சுற்றுப்புறத்திலேயே இது அதிகமென்றும், பட்டாசு, தீப்பெட்டித் தொழில்களே இதன் பிரதான மூலமென்றும் அக்குழு முடிவு கூறிற்று.

பீதியைக் கிளப்புவதற்காக நாம் இதை எழுதவில்லையாகையால், அதே ஆராய்ச்சியில் கண்ட ஆறுதலான விஷயத்தையும் சொல்லிவிட வேண்டும். குழாயில் வரும் நீரில் எடுத்த மூன்று மாதிரிகளிலும் இந்த உப்பு அரை மைக்ரோகிராமுக்கும் குறைவாகவே இருந்தது. சிவகாசிப் பக்கத்துக் கிணறுகளிலும் 40 அமெரிக்க அளவுக்கு உட்பட்டே இருந்தன. ஆகவே ஊர் முழுதும் விஷம் என்று எவரும் புலம்ப வேண்டியதில்லை. ஆனால் எந்தக் கிணறு நல்லது, எந்தக் கிணறு கெட்டது என்பது அந்தக் கிணற்று நீரைக் குடிக்கும் குடும்பத்துக்குத் தெரிந்திருக்க வேண்டுமல்லவா? அந்த 17 கிணறுகளில் தினமும் வாளி இறங்கியதோ இல்லையோ, அடுத்த வருஷம் அவற்றில் அளவு ஏறிற்றா இறங்கிற்றா என்பதை வருஷா வருஷம் பார்த்து ஊரார் வாசிக்கும்படி எழுதி ஒட்டும் கடமை இந்தப் பகுதியில் எவர் தலையிலும் சுமத்தப்படவில்லை.

அந்த ஜப்பானியக் குழுவில் தமிழர்களும் இருந்தனர் என்பதைக் கவனிக்க வேண்டும். நமது ஊர்க் கிணற்றை நமது மக்களே ஆராய்ந்தார்கள். ஆனால் அதற்குரிய ஸ்தாபனமும் கருவியும் பணமும் கடல் கடந்த தேசத்தினுடையவை. எஹிமே சர்வகலாசாலையின் மீது நமக்குக் குறையொன்றுமில்லை, நன்றியே உண்டு. சுதந்தரம் பெற்று அறுபத்தைந்து வருஷங்களுக்குப் பிறகும் சிவகாசிக் கிணற்றில் என்ன இருக்கிறதென்பதை அந்நிய தேசத்து ஆராய்ச்சிச்சாலை ஒன்று சொல்லித்தான் நாம் முதன்முதலில் அறிந்தோம் என்பதில்தான் நமக்கு வெட்கம். நெல்லை ஜில்லாவில் கப்பல் ஓட்டியவரைக் கொண்டாடும் நாம், ஒரு குவளை நீரைச் சோதிப்பதற்கு அந்நியரை எதிர்பார்த்திருப்பது பொருத்தமாயிருக்கிறதா?

இந்த உப்பு என்ன செய்யும் என்பதைச் சுருக்கமாகச் சொல்லுவோம். வெடி மருந்தில் நெருப்புக்கு வேண்டிய பிராணவாயுவைக் கொடுப்பதற்காகப் பொட்டாசியம் பெர்க்ளோரேட் சேர்க்கப்படுகிறது. (வெடிப் பொருளுக்கு நம்மவர்கள் 'மருந்து' என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.) அது நீரில் கரைந்துவிட்டால் மண்ணில் ஒட்டாது, ஆவியாகாது, நீர் போகும் இடமெல்லாம் தானும் போகும். உடம்புக்குள் சென்றால் கழுத்திலுள்ள தைராய்டு சுரப்பி அயோடினை ஏற்றுக்கொள்ளாதபடி தடுக்கிறது. அயோடின் குறைந்த உணவு உண்பவர்களையும், கர்ப்பிணிகளையும், சிசுக்களையும் இது அதிகமாகப் பாதிக்கக் கூடும். ஏனெனில் குழந்தையின் மூளை வளர்ச்சிக்கு அந்தச் சுரப்பியின் ரசம் இன்றியமையாதது. 2012-ல் வெளியான இந்தியக் குடிநீர்த் தர நிர்ணயத்தில் இந்த உப்புக்கு வரம்பு ஏதும் குறிக்கப்படவில்லை. வரம்பில்லாத பொருளை எந்த உத்தியோகஸ்தரும் தாமாக முன்வந்து சோதிக்க மாட்டார். சோதிக்காத பொருள் எந்த ஜாபிதாவிலும் ஏறாது. 2025-ஆம் வருஷ விதிகள் நமது பகுதியில் எந்த இடத்தில் சிக்கிக்கொள்ளும் என்பதற்கு இது ஒன்றே போதும்.

உள்ளூரில் அறிவு இல்லாத குறையினால் விஷயங்கள் எப்படி இழுபடுகின்றன என்பதற்கு மற்ற ஊர்களின் அனுபவம் இருக்கிறது. நமது மேற்கு மலைத் தொடரிலேயே உள்ள கொடைக்கானலில் வெப்பமானித் தொழிற்சாலை ஒன்று 2001-ல் மூடப்பட்டது. பாதரசம் கலந்த கழிவுகள் சுமார் 290 டன் 2003-ல் கப்பலேற்றப்பட்டு அமெரிக்காவுக்கே திருப்பி அனுப்பப்பட்டன. அது ஜனங்களும் தொழிலாளர்களும் போராடிப் பெற்ற வெற்றி. ஆனால் தொழிற்சாலை வளாகத்து மண்ணைக் கப்பலேற்ற முடியாதே! அதை எந்த அளவுக்குச் சுத்தி செய்தால் போதும் என்ற விவகாரம் அதற்குப் பின்னும் பல வருஷங்கள் நீண்டது. இராணிப்பேட்டையில் குரோமியக் கழிவு லட்சக்கணக்கான டன் குவிந்து கிடக்க, தொழிற்சாலை கதவடைத்துப் பல வருஷங்கள் சென்றன. போபால் தொழிற்சாலையில் கிடந்த 337 டன் கழிவு, 1984-ஆம் வருஷக் கோர சம்பவம் நடந்து நாற்பது வருஷங்கள் கழித்து, 2025 ஜனவரியில் பீதாம்பூருக்குக் கொண்டு செல்லப்பட்டு அந்த வருஷ நடுவில் எரிக்கப்பட்டது. அங்கே பீதாம்பூர் ஜனங்கள் ஏன் தடுத்தார்கள் என்பதை யோசிக்க வேண்டும். புகையில் அபாயமில்லை என்று சர்க்கார் நிபுணர்கள் சொன்னார்கள். அதை நம்புவதா வேண்டாமா என்று கேட்பதற்கு அந்த ஜனங்களுக்கென்று ஒரு நிபுணர் கிடையாது.

இந்தக் குறையை உணர்ந்து வழி செய்த தேசம் அமெரிக்க ஐக்கிய நாடுகள். வேறு பல விஷயங்களில் அந்நாட்டு முறைகளை நாம் சிலாகிப்பதில்லை; இதில் கற்றுக்கொள்ளத் தக்கது இருக்கிறது. நயாகரா நீர்வீழ்ச்சி நகரத்தில் லவ் கால்வாய் என்ற இடத்தில் ஒரு ரசாயனக் கம்பெனி ஆயிரக்கணக்கான டன் கழிவுகளைப் புதைத்து மூடிவிட்டு, 1953-ல் அந்த நிலத்தை ஒரு டாலர் விலைக்குப் பள்ளிக்கூட போர்டுக்கு விற்றது. அதன் மேல் பள்ளிக்கூடமும் பக்கத்தில் வீடுகளும் எழும்பின. 1978-ல் விஷம் வீட்டு நிலவறைகளில் கசிந்து வெளிப்பட்டு, குடும்பங்கள் வெளியேற நேர்ந்தது. அதன் விளைவாக 1980-ல் ஒரு சட்டம் பிறந்தது. ரசாயன, பெட்ரோலியத் தொழில்களின் மீது வரி போட்டுச் சுத்தி வேலைக்கு நிதி சேர்த்தார்கள்.

நாம் கவனிக்க வேண்டியது 1986-ல் அந்தச் சட்டத்தைத் திருத்தியபோது சேர்த்த ஓர் ஏற்பாடு. நிதியும் அதிகாரமும் இருந்தும், பல இடங்களில் சுத்தி செய்யும் வழியே யாருக்கும் தெரியாதிருந்தது. ஆகவே பிரதேசந்தோறும் சர்வகலாசாலைகளில் அபாயப் பொருள் ஆராய்ச்சி நிலையங்களை அமைக்கும்படி சட்டத்திலேயே எழுதினார்கள். 1989-ல் ஐந்து நிலையங்கள் தொடங்கின. கிழக்குக் கோடியில் நியூ ஜெர்ஸி, மத்தியில் மிச்சிகன், கான்ஸாஸ், தெற்கே லூயிஸியானா, மேற்கே ஸ்டான்போர்டும் ஆரிகனும் சேர்ந்து ஒன்று. ஒவ்வொன்றும் தன் பிரதேசத்தின் நோயையே தன் ஆராய்ச்சிப் பொருளாக எடுத்துக்கொண்டது. ஆற்றுப் படிவுகள் அதிகமுள்ள லூயிஸியானாவில் சேற்றில் தங்கிய விஷத்தைப் பற்றியும், சுரங்கங்களும் வயல்களும் நிறைந்த கான்ஸாஸ் பக்கத்தில் மரம் செடிகளைக் கொண்டு மண்ணைச் சுத்தி செய்வது பற்றியும் ஆராய்ந்தார்கள். ஸ்டான்போர்டு பேராசிரியர்கள் விமானத் தளங்களின் அடியில் கலந்திருந்த ரசாயனக் கரைப்பான்களைப் பூமிக்குள்ளேயே நுண்ணுயிர்களைக் கொண்டு சிதைக்கும் வழியைக் களத்தில் செய்து காட்டினார்கள்.

அதைவிட நமக்கு முக்கியமாகத் தோன்றுவது அந்த நிலையங்கள் செய்த மற்றொரு தொண்டு. விஷ பூமிக்குப் பக்கத்தில் வசிக்கும் ஜனங்கள் கேட்டால், சர்வகலாசாலை நிபுணர்கள் அந்த ஊருக்குச் சென்று, சர்க்காரும் கம்பெனியும் வெளியிட்ட அறிக்கைகளில் என்ன எழுதியிருக்கிறது, அதில் எது விடுபட்டிருக்கிறது என்பதைக் காசு வாங்காமல் அவர்களுக்கு விளக்கிச் சொல்லுவார்கள். ஊராருக்காக வக்கீலாக வாதாட மாட்டார்கள். கம்பெனிக்காகவும் பேச மாட்டார்கள். தெரிந்ததைத் தெரிந்தபடி சொல்லுவதோடு அவர்கள் வேலை முடிந்தது. அந்த ஐந்து நிலையங்களும் அந்த உருவில் இப்போது இல்லை. நிதி நின்றதும் அவை கலைந்தன. சர்க்காரின் வருஷாந்தரத் தயவை நம்பி நின்றால் எந்த ஸ்தாபனத்துக்கும் இதுவே கதி என்பதையும் நாம் சேர்த்துக் கற்றுக்கொள்ளலாம்.

இனி நமது ஊர் விஷயத்துக்கு வருவோம். மேற்கே மலை, அதில் ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலைப் புலிகள் காப்பகம் 2021-ல் ஏற்பட்டது. அந்த மலையிலிருந்து இறங்கும் ஓடைகளும் ஆறுகளும் இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் கண்மாய்களை நிரப்பிக்கொண்டு கிழக்கே கரிசல் பூமிக்குப் போய் வைப்பாற்றில் சேருகின்றன. மேலே உள்ளவர்கள் நீரில் விடுவதைக் கீழே உள்ளவர்கள் குடிக்கிறார்கள். கிழக்கே சிவகாசியில் வெடி மருந்து. இராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டி, சமுசிகாபுரம் பக்கத்தில் காயம் கட்டும் பேண்டேஜ் துணி. தேசத்து ஆஸ்பத்திரிகளுக்கெல்லாம் போகும் அந்தத் துணியை, முதலில் காரத்தில் வேக வைத்து மெழுகும் கஞ்சியும் போக்கிப் பிறகு வெளுக்க வேண்டும். வெளுத்த நீரில் காரமும் உப்பும் தங்கும். அது எங்கே போகிறது, போகும் வழியில் என்ன ஆகிறது என்று கேட்பது அந்தத் தொழிலுக்குத் துரோகமாகாது. வைப்பாற்றுக்குத் தாலுகா எல்லை தெரியாதாகையால், சிவகாசிக்கு ஒரு சோதனைச்சாலை, இராஜபாளையத்துக்கு ஒன்று என்று பிரித்துப் பேசுவதில் பயனில்லை. இந்தப் படுகை முழுவதையும் தன் பொறுப்பாகக் கொண்ட ஒரு சர்வகலாசாலை ஆராய்ச்சி நிலையம் வேண்டும். அது இராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இடையில் அமைவது நல்லது என்பது நமது அபிப்பிராயம்.

இதற்கு வேண்டிய அஸ்திவாரம் அங்கே இல்லாமலில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரை அடுத்த கிருஷ்ணன்கோவிலில் 1984-ல் தொடங்கிய கலசலிங்கம் பொறியியற் கலாசாலை 2006-ல் சர்வகலாசாலை அந்தஸ்துப் பெற்றது. இராஜபாளையத்தில் ராஜுக்கள் கல்லூரி 1973 முதல் நடக்கிறது. 2013-ல் ராம்கோ பொறியியற் கல்லூரியும் ஏற்பட்டது. மதுரையில் 1966 முதல் காமராஜ் சர்வகலாசாலை இருக்கிறது. ரசாயனமும் உயிர்நூலும் கற்ற இளைஞர்கள் வருஷந்தோறும் இவற்றிலிருந்து வெளிவருகிறார்கள். அவர்களில் பலர் உத்தியோகத்துக்காகக் கடல் கடக்கிறார்கள்; மற்றவர்கள் பட்டத்துக்காக ஆராய்ச்சிக் கட்டுரை எழுதி வெளிநாட்டுச் சஞ்சிகைகளுக்கு அனுப்புகிறார்கள். அந்தக் கட்டுரைக்கு நீர் கொடுத்த கிணற்றுக்காரருக்கு ஒரு வரி தமிழில் எழுதி அனுப்ப வேண்டுமென்ற விதி எங்கும் இல்லை.

தனவான்கள் மனம் வைத்தால் ஆராய்ச்சி ஸ்தாபனங்களை எழுப்பலாம் என்பதற்குக் காரைக்குடி சாட்சி. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். 1948 ஜூலையில் நேரு அஸ்திவாரக் கல் நாட்டினார். 1953 ஜனவரியில் மத்திய மின்-ரசாயன ஆராய்ச்சி நிலையம் திறக்கப்பட்டது. இராஜபாளையமும் கொடைக்குப் புதிய ஊரன்று. முதல் மந்திரியாயிருந்த குமாரசாமி ராஜா தாம் வசித்த வீட்டையே காந்தி கலை மன்றத்துக்குக் கொடுத்துவிட்ட ஊர் அது.

ஆனால் இங்கே ஒரு சங்கடம் இருக்கிறது. அதை மூடி மறைத்துப் பேசுவது நேர்மையாகாது. தொழிலதிபர்களின் கொடையால் வளர்ந்த கலாசாலைகள் அதே தொழில்களின் கழிவைச் சோதித்துப் பகிரங்கமாக முடிவு சொல்லுமா என்று ஊரார் கேட்பார்கள். கேட்பது நியாயம். எந்தக் கலாசாலையின் மீதும் நாம் சந்தேகம் கற்பிக்கவில்லை; உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று வளர்ந்த சமூகத்தில் ஒரு பேராசிரியர் தம் கலாசாலையின் கொடையாளியைப் பற்றிக் கசப்பான உண்மையை எழுதுவது எவ்வளவு கடினமென்பதை எல்லோரும் அறிவர். ஆகையால் ஏற்பாட்டிலேயே அதற்குப் பாதுகாப்பு இருக்க வேண்டும். நிலையத்துக்குக் கட்டடமும் நிலமும் யார் வேண்டுமானாலும் கொடுக்கலாம். சம்பளமும் சோதனைச் செலவும் படுகையிலுள்ள அபாயத் தொழில்கள் எல்லாவற்றின் மீதும் சமமாக விதிக்கப்படும் ஒரு சிறு தீர்வையிலிருந்து, சட்டத்தின் மூலம், வர வேண்டும். நிலையத் தலைவரை நியமிப்பதில் கொடையாளிக்குக் குரல் இருக்கக் கூடாது. கிணற்றுச் சோதனையின் முடிவு கிணற்றுக்காரருக்கும் பஞ்சாயத்துக்கும் பத்திரிகைகளுக்கும் ஒரே நாளில், தமிழில், கிடைக்க வேண்டும். அந்த நிலையத்தில் வேலை செய்பவர் இந்தப் படுகையிலுள்ள எந்தக் கம்பெனிக்கும் தனியாக ஆலோசகராக இருந்து பணம் பெறக் கூடாது. இவ்வளவும் எழுத்தில் இல்லாமல் ஒரு நிலையம் வருமானால், அதைவிட எஹிமே சர்வகலாசாலையே நமக்கு மேலானது.

மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் இருக்கும்போது இன்னொன்று எதற்கு என்று சில உத்தியோகஸ்தர்கள் சொல்லலாம். வாரியத்தின் வேலை அனுமதி கொடுப்பதும், மீறினால் நடவடிக்கை எடுப்பதும். திருடனைப் பிடிக்கும் ஜவானே அடிபட்டவனுக்கு வைத்தியமும் பார்க்க வேண்டுமென்றால் இரண்டும் கெடும்.

தொழில் கெட்டுவிடும் என்ற ஆட்சேபம் இதைவிடப் பலமானது. இந்தியாவின் பட்டாசில் மிகப் பெரும் பகுதி சிவகாசி வட்டாரத்தில் உற்பத்தியாகிறது. லட்சக்கணக்கான குடும்பங்கள் அதனால் பிழைக்கின்றன. ஸ்ரீவில்லிபுத்தூர், இராஜபாளையம் பக்கத்துக் கிராமங்களிலிருந்தும் ஸ்திரீகளும் புருஷர்களும் காலையில் வண்டியேறி வேலைக்குப் போகிறார்கள். அந்தச் சோற்றில் மண் விழ வேண்டுமென்று நினைக்கிறவர்கள் நாமல்லர். ஆனால் 2018 அக்டோபர் 23-ஆம் தேதி சுப்ரீம் கோர்ட் பேரியம் உப்புகளைத் தடுத்தபோது நடந்ததை நினைத்துப் பார்க்க வேண்டும். பேரியம் நைட்ரேட் இல்லாமல் பட்டாசு செய்வது எப்படி என்ற கேள்விக்கு நாக்பூரில் தலைமையகம் கொண்ட தேசிய ஆராய்ச்சி நிலையத்தையே தொழில் முழுவதும் எதிர்பார்க்க வேண்டியதாயிற்று. தலைமுறை தலைமுறையாக மருந்து கலந்த ஊரில் அந்தக் கேள்வியை முன்கூட்டியே கேட்டு விடை வைத்திருக்கும் சர்வகலாசாலை ஒன்று இருந்திருந்தால், கோர்ட்டின் முன் நமது தொழில் அவ்வளவு திகைத்து நின்றிருக்காது. பெர்க்ளோரேட் விஷயத்திலும் ஒரு நாள் யாராவது ஒருவர் அந்த ஜப்பானிய ஆராய்ச்சியைக் கையில் எடுத்துக்கொண்டு டெல்லிக்குப் போகத்தான் போகிறார். அன்றைக்குத் தொழிலதிபர்கள் என்ன பதில் சொல்லப் போகிறார்கள்?

பதில் இல்லாத வியாதியுமன்று இது. அமெரிக்காவில் நெவாடா பகுதியில் ராக்கெட்டு எரிபொருளுக்காக இதே வகை உப்பைச் செய்த தொழிற்சாலைகளிலிருந்து அது கசிந்து, கொலராடோ ஆற்றிலேயே கலந்துவிட்டதென்று 1997-ல் கண்டார்கள். பெர்க்ளோரேட்டிலுள்ள பிராணவாயுவைத் தின்று அதைச் சாதாரண குளோரைடாக மாற்றிவிடும் நுண்ணுயிர்கள் மண்ணில் இயற்கையாகவே உண்டு. காற்றுப் புகாமல் வைத்து, அவற்றுக்குத் தக்க உணவு கொடுத்தால் அவை வேலை செய்கின்றன. அங்கே எரிசாராயத்தை உணவாகக் கொடுத்து, தினந்தோறும் ஏராளமான நீரைச் சுத்தி செய்கிறார்கள். இங்கே சர்க்கரை ஆலைப் பாகு போன்ற மலிவான பொருள் போதுமா, கரிசல் மண்ணிலும் அதன் கீழுள்ள பாறை வெடிப்புகளிலும் நீர் எந்தத் திசையில் எவ்வளவு வேகத்தில் போகிறது, ஐப்பசி மழைக்குப் பிறகு கிணற்றில் உப்பு குறைகிறதா, அல்லது தொழிற்சாலை முற்றத்திலிருந்து புதிதாக இறங்குகிறதா? இவற்றை ஸ்டான்போர்டும் எஹிமேயும் நாக்பூரும் நமக்குச் சொல்ல முடியாது. வருஷம் முழுதும் அதே ஊரில் இருந்து, அதே நூறு கிணறுகளைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறவர்கள்தான் சொல்ல முடியும்.

கழிவு மருந்து விஷயமும் இந்த நிலையத்தின் பொறுப்பில் வர வேண்டும். சாயங்காலம் அறைகளில் மிஞ்சிய மருந்தையும், தரையைப் பெருக்கிய தூசியையும் என்ன செய்வது என்பது சிறிய விஷயமாகத் தோன்றலாம். அதை அப்புறப்படுத்தும்போதே நேர்ந்த வெடி விபத்துகள் உண்டு. தண்ணீர் விட்டு அலசினால் வெடிக்காது. ஆனால் அலசிய நீர் பூமிக்குள் போகிறது. உயிரைக் காக்கும் வழி கிணற்றைக் கெடுக்கிறது. இந்த முடிச்சை அவிழ்க்க வேண்டுமானால், வெடிப் பொருள் இலாகா உத்தியோகஸ்தரும், ரசாயனப் பேராசிரியரும், முப்பது வருஷம் மருந்தறையில் வேலை செய்த தொழிலாளியும் ஒரே மேஜையைச் சுற்றி உட்கார வேண்டும். அப்படி உட்காருவதற்கு ஓர் இடம் வேண்டுமென்றே கேட்கிறோம்.

பொது வேலையில் ஈடுபட்டுள்ள நண்பர்கள் இப்போது செய்யக் கூடியவை சில உண்டு. 2025-ஆம் வருஷ விதிகளின்படி கலெக்டர் தயாரிக்கும் அரையாண்டு ஜாபிதாவில் நமது ஜில்லாவிலிருந்து எந்தெந்த இடங்கள் ஏறியிருக்கின்றன என்று தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் எழுதிக் கேட்கலாம். சட்டசபையிலும் பார்லிமெண்டிலும் இந்தப் பகுதிக்காக உட்கார்ந்திருப்பவர்களிடம், வைப்பாற்றுப் படுகைக்கென்று ஒரு சர்வகலாசாலை நிலையத்தை அவ்விதிகளில் சொல்லிய நிபுணர் ஸ்தாபனமாக அங்கீகரிக்கும்படி கோரலாம். அக்டோபர் 2-ஆம் தேதி கிராம சபைகள் கூடும்போது, தங்கள் ஊர்க் கிணறுகளைச் சோதித்து முடிவைத் தமிழில் எழுதி ஒட்ட வேண்டுமென்று ஒவ்வொரு பட்டாசுக் கிராமமும், ஒவ்வொரு பேண்டேஜ் கிராமமும் தீர்மானம் போடலாம். தீர்மானத்தில் கிணறுகளின் ஸர்வே நம்பரையும், அவற்றின் நீரைக் குடிக்கும் வீடுகளின் எண்ணிக்கையையும் தவறாமல் குறிக்க வேண்டும். நகல்களைக் கலெக்டருக்கு அனுப்பும்போது, கிருஷ்ணன்கோவில் சர்வகலாசாலைக்கும் மதுரை காமராஜ் சர்வகலாசாலைக்கும் ஒவ்வொன்று ரிஜிஸ்தர் தபாலில் அனுப்பி, ரசீதை வைத்துக்கொள்வது நல்லது.